நான் செய்த அடுப்பும் அஞ்சம்மாள் அக்காவும்

1

எங்கள் சமையலறை நாட்காட்டியில் இந்த வாரத்துச் சனிக்கிழமையை என் மகள் கயல் பச்சை மையால் வட்டமிட்டு, பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறாள்: 'அதை வந்த நாள்.' அவள் எழுத நினைத்தது 'அத்தை'. ஒரு 'த்' விழுந்துவிட்டது. திருத்தலாமென்று பேனாவை எடுத்தவன், வைத்துவிட்டேன். ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய ஊரில் பிறந்து வளர்ந்த பதினெட்டு வயதுப் பெண், யாரும் சொல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். ஓர் எழுத்து போனால் போகட்டும்.

அத்தை என்பது என் அக்கா அஞ்சம்மாள். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே தேதியில்தான், கீழ்வேளூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் இங்கே வந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. நான் இங்கே வீட்டுச் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்து நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மின்சார அடுப்பில் மனிதர்களின் விரல் படுகிற பகுதி எங்கள் பிரிவின் வேலை. ஊரில் யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால் "அடுப்புக்கு சுவிட்சு வைக்கிற வேலை" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமை இருக்கும்.

அந்தப் பெருமைக்கு அக்கா வந்தபோது நடந்ததை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

2

எனக்கும் அக்காவுக்கும் எட்டு வயது வித்தியாசம். அப்பா, அம்மா இருவரும் பண்ணை வயலில் கூலி. அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு மொத்தமும் வேலைக்கு இறங்காமல் நின்ற வருடம் எனக்கு மூன்று வயதாம். பண்ணையில் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னாலேயே லாரியில் போலீஸ் வந்தது. அப்பாவையும் இன்னும் சிலரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா லாரிக்குப் பின்னால் ஓடிவிட்டாள். அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் மதகின் குழாய்க்குள் போய் உட்கார்ந்தாளாம். அந்தப் பகல் முழுக்க. நான் அழாமலிருக்கத் தன் கையை என் வாயில் கொடுத்தாளாம். நான் கடித்திருக்கிறேன்.

அப்பா பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் எங்கள் தெருவுக்கு வந்து சேர வருடங்கள் ஆயின. தாலுகா ஆபீசுக்கும் ஜமாபந்திக்கும் அப்பா நடந்து நடந்து, கடைசியில் நாங்கள் குடியிருந்த இடத்துக்குப் பட்டா வந்தது. அதற்குள் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று நடவுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். நான் அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து, என்ஜினியரிங் முடித்து, சென்னை, பெங்களூர் என்று போய், இங்கே வந்து சேர்ந்தேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளையில்லாமல், மாமாவும் போன பிறகு அதே பட்டா மனையில் அவள் தனியாக இருக்கத் தொடங்கினாள். நாற்பதைத் தாண்டியதும் கண்ணில் அழுத்த நோய் வந்தது. ஓரத்திலிருந்து தொடங்கிய இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்துவிட்டது. நான் பதறிப்போய் ஊருக்குப் போய் மதுரை, சென்னை என்று அலைந்தேன். தாமதமாகிவிட்டது என்றார்கள். திரும்பும் பயணத்தில் அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "அழுவாத தம்பி. எங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். யாரும் எடுத்து மாத்தி வெக்காம இருந்தாப் போதும்."

3

அரசாங்கம் குடும்ப அட்டைக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்ததே, அந்த வருடம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசை. அக்காவும் போய் நின்றாள். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லியிருக்கிறார். "இவங்களுக்கு எதுக்குங்க மிக்சி? கைய வெட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது? சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க."

அக்கா நகரவில்லை. "சார், இது கண்ணப் பாத்துக் குடுக்கறதா, கார்டப் பாத்துக் குடுக்கறதா?"

வரிசை சிரித்துவிட்டது. அதிகாரிக்கு முகம் சிவந்திருக்க வேண்டும். "அம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"அப்ப பெட்டியப் பிரிச்சு என் கையில குடுங்க சார்."

பிரித்துக் கொடுத்தார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து மிக்சியை மடியில் வைத்துத் தடவினாள். ஜாடியைப் பொருத்தினாள், எடுத்தாள், மறுபடி பொருத்தினாள். முன்னாலிருந்த திருகுக் குமிழைப் பிடித்துத் திருப்பினாள். "இந்தப் பக்கம் திருப்புனா விட்ட உடனே திரும்பி வந்துடுது. அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணு. டக்கு டக்குன்னு அதுவே சொல்லுது சார். இதுக்கு எதுக்குக் கண்ணு?"

அதிகாரி பதிவேட்டைத் தள்ளினார். மைப்பெட்டியையும் தள்ளினார். "கையெழுத்தே வரும் சார். இடத்த மட்டும் காட்டுங்க" என்றாள் அக்கா.

இதை அவள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே வருடம்தான் எங்கள் கம்பெனியில் அடுப்பில் கையால் திருப்புகிற திருகுகளை எடுத்துவிட்டு, முழுக்கக் கண்ணாடியாக்கி, தொட்டாலே வேலை செய்கிற மாதிரி மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாற்றலாம் என்று அறிக்கை எழுதியவன் நான். துடைக்க எளிது, பார்க்க அழகு. கண் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒருவர் கேட்டார். அவர்கள் மிகச் சிலர், அவர்களுக்கு உதவ வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று எழுதினேன். அதை எழுதும்போது அக்காவின் நினைவு எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். வரவில்லை.

4

அக்காவை இங்கே அழைத்துவர ஐந்து வருடம் முயன்றேன். ஒருமுறை காகிதம் போதவில்லை. ஒருமுறை அவள் திரும்பிப் போவாள் என்பதற்கு அத்தாட்சி போதவில்லை. மூன்றாவது முறை பட்டாவின் நகலையும் சேர்த்து வைத்தோம். விசா மையத்தில் புகைப்படம் எடுத்த பெண் "கேமராவைப் பாருங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். "கேமரா எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லும்மா, பாக்குறேன்" என்றாளாம் அக்கா. விசாவில் அந்தப் படம்தான் இருக்கிறது. லேசாகச் சிரிக்கிறாள். சிரிக்கக் கூடாது என்பது விதி. எப்படியோ விட்டுவிட்டார்கள்.

வந்த இரண்டு நாளில் வீட்டைக் கையால் அளந்துவிட்டாள். படிக்கட்டு எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்கும், குளிர்சாதனப் பெட்டியில் எந்தத் தட்டில் பால் என்று எல்லாம் தெரிந்துவிட்டது. 'குட்டன் மொர்கன்' என்று காலை வணக்கம் சொல்லக் கயல் கற்றுக்கொடுத்தாள். அக்கா அதைக் 'குட்டி முருகன்' என்று பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தினமும் காலையில் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து குட்டி முருகன் போனது. அந்த அம்மாளும் மகிழ்ச்சியாகப் பதில் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய் அடுப்பின் மேல் கையை எடுத்து வைத்தேன். "அக்கா, இது நான் செஞ்சது."

அவள் இரண்டு கையாலும் தடவினாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மறுபடி ஒருமுறை. 'பீப்' என்றது. கையை எடுத்தாள். எடுத்ததற்கும் ஒரு 'பீப்'.

"வழவழன்னு நல்லாருக்கு தம்பி," என்றாள். பிறகு தயங்கி, "எங்க புடிக்கிறது?" என்று கேட்டாள்.

நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

5

அதற்கடுத்த வாரம். நான் வேலைக்குப் போய்விட்டேன். மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் மனைவி மாலதியும் கிளம்பிவிட்டாள். கயல் பள்ளியிலிருந்து மதியம் வருவாள் என்று அக்காவுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சூடாக ஏதாவது செய்து வைக்கலாமென்று சமையலறைக்குப் போயிருக்கிறாள். அடுப்பின் மேல் எங்களில் யாரோ துண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். அதை அவள் கவனிக்கவில்லை. பொத்தான் எங்கே என்று கண்ணாடியின் முன்பக்கம் தடவித் தேடியிருக்கிறாள். தேடத் தேட அடுப்பு தன்பாட்டில் பீப், பீப் என்று எதையோ ஏற்றியது, இறக்கியது. எது எரிகிறது, எது அணைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாச் சத்தமும் ஒரே சத்தம்.

துண்டு கருகியது. கூரையிலிருந்த புகைமணி அலறத் தொடங்கியது. கயல் கதவைத் திறந்து ஓடி வந்தபோது அக்கா அந்தத் துண்டைக் கையாலேயே இழுத்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். மூன்று விரலில் கொப்புளம்.

கயல் அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு, "பயப்படாதே அத்தை, நான் அடுப்பைக் கொன்னுட்டேன்!" என்றாளாம். அணைத்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை. அக்கா அந்த நேரத்திலும் சிரித்திருக்கிறாள்.

ஆனால் அதன்பிறகு அவள் சமையலறைப் பக்கம் போகவில்லை. ஜன்னலோர நாற்காலியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "தண்ணி வேணுமா அண்ணி?" என்று மாலதி கேட்டால்தான் தண்ணீர். வீட்டில் யாருடைய காலடி கேட்கிறது என்று காத்திருப்பாள். என் அக்கா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நான்கு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "டிக்கெட்ட முன்னாடியே மாத்த முடியுமா பாரு தம்பி."

"ஏன்க்கா? இங்க என்ன குறை?"

"ஒரு கொறையும் இல்ல. மாலதி தங்கம். புள்ள தங்கம்." விரல் கொப்புளத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஊருல நான் கண்ணு தெரியாதவளா இல்லடா. இங்க வந்துதான் அப்படி ஆயிட்டேன்."

எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

6

கயல்தான் கதவைத் தட்டினாள். அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னோடு தமிழில் பேசியது குறைவு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊரைப் பற்றி நான் ஆரம்பித்தாலே காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். அன்று அவள் தமிழில் கேட்டது நேரான கேள்வி: "அப்பா, நீங்க இதைச் செய்யறவர்தானே? அப்ப ஏன் சரி செய்யல?"

கண் தெரியாதவர்களுக்கென்று விற்கும் சின்ன ரப்பர்ப் பொட்டுகளை வாங்கி வந்து பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். பயனில்லை. பொட்டைத் தேடி விரல் போகிற வழியிலேயே இரண்டு பொத்தானைத் தொட்டுவிடுகிறது. நானும் கயலும் ஜெர்மனில் வாதாடிக்கொண்டிருந்தோம். நாற்காலியிலிருந்து அக்கா கேட்டாள். "என்னடா சண்டை?"

சொன்னேன்.

எழுந்து வந்தாள். அடுப்பைத் தொடாமல் அதன் முன்னால் நின்றாள். "களை எடுக்கறப்ப என்ன பண்ணுவோம்? சேத்துத் தண்ணிக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாப்போம். இது பயிரு, இது கோரைன்னு கைக்குத் தெரிஞ்சப்புறம்தான் புடுங்குவோம். தடவுனதுக்கே பயிரு கையோட வந்துட்டா வயலு என்னத்துக்கு ஆவும்? கை தேடறப்ப இது சும்மா இருக்கணும் தம்பி. நான் முடிவு பண்ணி அமுத்துனாத்தான் கேக்கணும்."

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவன் நான். இவ்வளவு தெளிவாக எங்கள் பிரிவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சூடான பாத்திரம் வைக்கிற கனமான தக்கைப் பலகை ஒன்று வீட்டில் இருந்தது. கயல் அதைப் பொத்தான் வரிசையின் நீளத்துக்கு அறுத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டாள். தக்கையின் மேல் கை எவ்வளவு அலைந்தாலும் அடுப்பு கம்மென்று இருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டால் மட்டும் கேட்டது. அக்கா எண்ணிப் பார்த்தாள். முதல் ஓட்டை அடுப்புக்கு உயிர் கொடுக்க, இரண்டாவது இறக்க, மூன்றாவது ஏற்ற.

அன்று மாலை வெந்தயக் குழம்பு வைத்தாள். மாலதி பக்கத்தில் நின்று இரண்டு முறை கை நீட்டினாள். இரண்டு முறையும் அக்கா, "நீ போயி உக்காரு தாயி" என்றாள். டிக்கெட்டை மாற்றும் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

7

அந்தத் தக்கைப் பலகையைப் படமெடுத்து எங்கள் பிரிவுத் தலைவி பிர்கிட்டுக்குக் காட்டினேன். "உன் அக்காவை அழைத்து வா" என்றார். கயலும் விடுமுறை நாளென்று கூட வந்தாள்.

பெரிய மேசை, மேசைமேல் புதிதாக வரப்போகும் அடுப்பு, சுற்றிலும் எட்டுப் பேர். பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்படி அக்காவைக் கேட்டார்கள். அவள் முயன்றாள். கண்ணாடி வழக்கம்போலக் கத்தியது. பாத்திரம் ஒரு வட்டத்தில், சூடு வேறு வட்டத்தில். அக்கா கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இதச் செஞ்சவன் ஒரு நாளாச்சும் கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாத்தானான்னு கேளு."

எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்த்தேன். "இன்னும் சில சோதனைகள் செய்தால் பயனுள்ளதாக இருக்கும் என்று கருதுகிறார்."

"அத்தை அப்படிச் சொல்லலை," என்றாள் கயல் தமிழில். பிறகு அவர்களைப் பார்த்து ஜெர்மனில், அக்கா சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். அக்காவின் குரலில் இருந்த காரம் கூட அப்படியே வந்தது. 

பிர்கிட் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். பாத்திரத்தை எடுத்து வைத்தார். அவர் கையும் கண்ணாடியில் அலைந்தது. அடுப்பு கத்தியது. நான்கு நிமிடம் போராடிவிட்டு, கட்டை அவிழ்க்காமலே, "இதைச் செய்தது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன். திருகுகளை எடுக்கச் சொல்லி நான் எழுதிய அறிக்கையைப் பற்றியும் சொன்னேன். மிகச் சிலர் என்று எழுதியதையும் சொன்னேன். அதைத் தமிழில் அக்காவிடமும் சொன்னேன். அதுவரை அவளுக்கு அது தெரியாது.

திரும்பும் ரயிலில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கோபமென்று நினைத்தேன். எங்கள் நிலையம் வருவதற்குச் சற்றுமுன் என் முழங்காலைத் தேடித் தட்டினாள். "நாலு பேரு முன்னாடி ஒன்னத் திட்டிட்டேனாடா?"

"திட்டுனதுதான் சரிக்கா."

"புள்ள நல்லாப் பேசுனா," என்றாள். "என் பேச்சு அவ வாயில வந்துச்சு. ஒண்ணும் புரியலன்னாலும் எனக்குத் தெரிஞ்சுது."

8

மூன்று மாதமும் இருந்துவிட்டுத்தான் அக்கா ஊருக்குப் போனாள். தக்கைப் பலகை அடுப்பின்மேல்தான் இருக்கிறது. அதை எடுக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

கம்பெனியில் ஒன்றரை வருடம் இழுபறி. திருகுகள் எல்லா மாதிரிக்கும் திரும்பி வரவில்லை. அது என்னால் முடியவில்லை. ஆனால் ஒரு மாதிரியில் கண்ணாடியின் முன் ஓரத்தில் விரலுக்குத் தெரிகிற மேடு பள்ளம் வைத்தோம். தடவினால் கேட்காது, இரண்டு நொடி அழுத்தினால்தான் கேட்கும். ஏற்றினால் சத்தம் மேலே போகும், இறக்கினால் கீழே வரும், அணைத்தால் நீளமாக ஒரே சத்தம். துணி துவைக்கும் இயந்திரப் பிரிவில் இன்னும் வழவழப்புதான். அவர்களோடு இப்போது மல்லுக்கு நிற்கிறேன்.

போன மாதம் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வடக்கே கடலோர ஊரொன்றில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர். கண் தெரியாது. பேசும் கணினியில் எழுதியிருந்தார். மனைவி இறந்தபிறகு ரொட்டியும் குளிர்ந்த உணவும் மட்டும்தான் சாப்பிட்டு வந்தாராம். இந்த அடுப்பு வந்தபிறகு முதல் முறையாகத் தானே ஒரு முட்டை வேகவைத்தாராம். கல்லாகிவிட்டதாம். ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டாராம். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

மதிய இடைவேளையில் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். பின்னால் அவள் வீட்டு மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"பொண்டாட்டி போயி எத்தன வருசமாம்?"

"நாலு வருஷம்னு எழுதியிருக்கார்க்கா."

"நாலு வருசமா சூடா எதுவும் திங்கலியா அந்த மனுசன்?" என்றாள். பிறகு சட்டென்று, "டேய், அவருக்கு உடனே எழுதிப் போடு. தண்ணி கொதிச்சா சட்டி நடுங்கும், காம்பப் புடிச்சிருந்தா கைக்குத் தெரியும். அதுலேர்ந்து மெதுவா நூறு எண்ணச் சொல்லு. அது மாதிரி நாலு தடவ. அதுக்கு மேல வேணாம். எடுத்துப் பச்சத் தண்ணியில போடச் சொல்லு. கல்லாவாது."

அதை அப்படியே ஜெர்மனில் எழுதினேன். கம்பெனிக் கடிதங்களின் கீழே என் பெயரும் பதவியும் தானாக வந்து நிற்கும். இரண்டையும் அழித்துவிட்டு 'அஞ்சம்மாள்' என்று எழுதி அனுப்பினேன்.